வாடையும் குழவியும்

சென்னை மாநகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலோரத்தில், பழவேற்காடு என்னும் பழம்பதி அமைந்துள்ளது. ஊரின் பெயரே அருகிலுள்ள ஏரிக்கும் பெயராயிற்று. தமிழ்நாட்டிலும் ஆந்திர மாநிலத்திலும் பரந்து கிடக்கும் அவ்வேரி, இந்நாட்டின் உவர்நீர்க் காயல்களுள் ஒடிசா மாநிலத்துச் சிலிகா ஏரிக்கு அடுத்த பெருமை வாய்ந்தது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர்ந்து சொரிய, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் புகுந்து கலக்க, இருவகை நீரும் கூடிய அப்பரப்பில் இறாலும் நண்டும் மடவையும் செழித்து வளர்கின்றன. மாரிக்காலத்தை ஒட்டிப் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து தங்குகின்றன. 1613 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் இங்கே கோட்டை கட்டினர். கோட்டை மண்ணோடு மண்ணாயிற்று. அவர்தம் கல்லறைகள் மட்டும் சிற்ப வேலைப்பாட்டோடு நிற்கின்றன. ஊர் காண வருவோர் பறவையையும் கல்லறையையும் கண்டு, பொழுது சாயுமுன் மீண்டுவிடுவர். மார்கழித் திங்களின் நள்ளிரவில், ஏரிக்கரைக் குப்பத்து வீடொன்றனுள், பிறந்து பத்து நாளும் நிரம்பாத மகவோடு ஒரு தாய் எவ்வாறு விடியலை எதிர்நோக்கியிருக்கின்றாள் என்பதை அவர்கள் அறிய வாய்ப்பில்லை.

பழந்தமிழர் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு வழங்கினர். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். வடக்கிலிருந்து வருவது வாடை. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்காலம் என்றும், மார்கழியும் தையும் முன்பனிக்காலம் என்றும் அவர்கள் வகுத்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை அக்காற்றைத் தன் பெயரிலேயே கொண்டுள்ளது. வடக்கிலிருந்து வரும் காற்றுக்குப் பழவேற்காட்டில் தடையென்று ஒன்றும் இல்லை. மலையில்லை, அடர்ந்த காடில்லை. நெடுந்தூரம் நீர்ப்பரப்பின்மேல் தவழ்ந்து, ஈரத்தை வாரிக்கொண்டு, கரையிலுள்ள குடிசையின் ஓலையை வந்து அசைக்கின்றது.

தமிழ்நாட்டின் கடற்கரையில் குளிரேது என்று வினவுவாரும் உளர். சென்னைப் பகுதியில் சனவரித் திங்களின் இரவு வெப்பநிலை சராசரியாக 21 பாகை செல்சியஸ் அளவில் நிற்பது. வளர்ந்த ஒருவன் ஒரு போர்வையோடு இனிது உறங்கத்தக்க குளிர் அது. பச்சிளங் குழவிக்கோ அக்கணக்குப் பொருந்தாது. உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு ஓர் ஒப்பீட்டைத் தருகின்றது. 23 பாகை வெப்பமுள்ள இடத்தில் ஆடையின்றிக் கிடக்கும் குழவி எவ்வளவு வெப்பத்தை இழக்கின்றதோ, அவ்வளவு வெப்பத்தை, நீர் உறையும் 0 பாகைக் குளிரில் ஆடையின்றி நிற்கும் பெரியவர் இழப்பர் என்பதே அது. பெரியோர்க்கு இதமாகத் தோன்றும் இரவு, குழவிக்குப் பனிமலையின் இரவாக இருத்தல் கூடும். வெப்ப நாடுகளில் இத்தகைய இடர் நேராது என எண்ணுவது பிழை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013 இல் வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரையொன்று, வீட்டில் பிறந்த குழந்தைகளுள் நூற்றுக்குப் பதினொருவர் முதல் தொண்ணூற்றிருவர் வரை உடல் குளிர்ந்த நிலையில் காணப்பட்டனர் என்றும், வெப்பமண்டல நாடுகளும் இதற்கு விலக்கல்ல என்றும் எடுத்துரைத்தது.

இதற்குக் காரணம் குழவியின் உடலமைப்பே. ஒரு பெருங்குடத்து வெந்நீரையும் ஒரு சிறு கிண்ணத்து வெந்நீரையும் அருகருகே வைத்தால், கிண்ணத்து நீரே முதலில் ஆறும். பொருள் சிறுக்குந்தோறும், அதன் எடையை நோக்க, காற்றுப்படும் மேற்பரப்பு மிகும். மூன்று கிலோ எடையுள்ள குழவிக்கு, எடையோடு ஒப்பிடும்போது, தோலின் பரப்பு பெரியவருக்கு உள்ளதைப்போல் இரு மடங்கிற்கும் மேற்பட்டது. அதிலும் தலை மிகப் பெரிது. உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு தலையே ஆகும். தோலின் அடியில் கொழுப்போ குறைவு.

பெரியவர் குளிரில் நடுங்குவர். நடுக்கம் என்பது தசைகள் வெப்பத்தை உண்டாக்கும் முயற்சியேயாகும். பிறந்த குழவி அவ்வாறு நடுங்க வல்லதன்று. அதற்கு மாறாக, பிடரியிலும் தோள்பட்டை எலும்புகளின் இடையிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் பழுப்புக் கொழுப்பு என்னும் ஒருவகைக் கொழுப்பை இயற்கை சேமித்து வைத்துள்ளது. அடுப்பில் விறகெரிவதுபோல அக்கொழுப்பு உள்ளே எரிந்து உடலைக் காக்கின்றது. விறகு தீர்ந்தால் அடுப்பு அவியும். குறைமாதத்தில் பிறந்த மகவுக்கோ அச்சேமிப்புத் தொடக்கத்திலேயே மிகச் சிறிது. குளிர்ந்த குழவி பால் உறிஞ்சும் வலிமையை இழக்கும். பால் குறைந்தால் உடலில் எரிபொருள் குறையும். எரிபொருள் குறைந்தால் மேலும் குளிரும். இச்சுழலுள் அகப்பட்ட குழவி அழுவதும் இல்லை. அமைதியாக உறங்குகின்றது என்றெண்ணி வீட்டார் மகிழ்ந்திருப்பர். இக்குளிரின் கொடுமை அதன் ஓசையின்மையிலேதான் இருக்கின்றது.

குப்பத்து வீடுகள் இன்று ஒரு தன்மையன அல்ல. பனையோலை வேய்ந்த குடிசைகள் சில உள்ளன. கல்நார்த் தகடோ இரும்புத் தகடோ போர்த்த வீடுகள் சில உள்ளன. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கிய பின்னர், தமிழ்நாட்டுக் கடற்கரைக் குப்பங்கள் பலவற்றில் காங்கிரீட்டு வீடுகள் எழுந்தன. இவற்றுள் ஓலைக்குடிசையே குளிருக்கு எளிதில் இடங்கொடுக்கும் என்று தோன்றும். உண்மை அவ்வளவு எளிதன்று. ஓலைகளின் இடையே அடைபட்டு நிற்கும் காற்று வெப்பத்தை எளிதிற் கடத்துவதில்லை. ஆதலின் நன்கு வேய்ந்த கூரை பகலில் வெயிலையும் இரவில் பனியையும் ஒருங்கே தடுக்கும். அதன் குறை கூரையில் இல்லை. சுவரும் கூரையும் கூடும் இறப்பிலும், ஓலைத் தட்டியின் பொத்தலிலும், கதவின் அடியிலும் உள்ளது. அவ்வழிகளிலேதான் வாடை நுழைகின்றது. தகட்டுக் கூரையோ இதற்கு நேர்மாறானது. இரவில் திறந்த வானை நோக்கித் தன் வெப்பத்தை விரைந்து இழந்து குளிர்ந்துவிடும். மூச்சிலும் சமையலிலும் எழுந்த ஆவி அதன் உட்புறத்தில் படிந்து, விடியற்காலையில் துளித்துளியாகச் சொட்டும். காங்கிரீட்டு வீட்டில் காற்றுப் புகுவது குறைவு எனினும், சுவரும் தரையும் சில்லிட்டுக் கிடக்கும். அச்சுவரைத் தொடாமலே, அதன் அருகிற் கிடக்கும் குழவியின் உடல் தன் வெப்பத்தை அதை நோக்கி வீசி இழக்கும். தீயின் அருகில் இருப்போர்மேல் வெம்மை வந்து படுவதற்கு மறுதலையான நிகழ்ச்சி இது.

எனவே குழவியைக் கிடத்தும் இடத்தைத் தேர்வதே முதற் கடமை. வெளிச்சுவரை ஒட்டியும், வாயிற்படிக்கும் சன்னலுக்கும் இடைப்பட்ட காற்று வழியிலும் படுக்கை அமைதல் கூடாது. காற்று எங்கே ஓடுகின்றது என்பதைக் கண்ணாற் காண இயலாது. ஆயினும் மெல்லிய நூலொன்றைக் குழவியின் படுக்கை உயரத்தில் தொங்கவிட்டால், அது சாயும் பக்கம் காற்றின் வழியைக் காட்டிவிடும். வடக்கும் வடகிழக்குமாக உள்ள பொத்தல்களைக் கோணியாலோ பழைய பாய்த்துணியாலோ அடைத்து, கதவின் அடியில் துணிச்சுருளை இட்டு, காற்று வீசாத பக்கத்தில் உயரமான ஒரு திறப்பை மட்டும் விட்டுவைத்தல் நலம். எல்லா வழியையும் அடைத்துவிட்டால் வீட்டினுள் ஈரமும் புகையும் தேங்கும். ஒரு வழியையும் அடையாவிட்டால் வாடை ஊடறுத்துச் செல்லும். பிடவை ஒன்றைப் படுக்கையைச் சுற்றித் திரையாகக் கட்டுவதும் உண்டு. சிறிய வீட்டினுள்ளே அதனினும் சிறிய வீடு ஒன்றை அமைப்பது போன்றது இது. திரை படுக்கையினின்று விலகி நிற்றல் வேண்டும். குழவியின் முகத்தின்மேல் சரிந்து விழுமாறு தளர்ந்திருத்தல் ஆகாது.

தூளியைப் பற்றி ஈண்டு ஒன்று கூறவேண்டும். தமிழ்த்தாயரின் தூளி கோடைக்காலத்தில் இணையற்ற படுக்கை. ஆனால் அது கோடையில் இன்பம் தருவது எதனாலோ, அதனாலேயே மார்கழியில் துன்பம் தருகின்றது. ஒற்றைப் புடவைத் துணியின் கீழும் பக்கமும் காற்று ஓயாது உரசிச் செல்வதால், குழவியின் முதுகுப்புறம் குளிர்கின்றது. மேலே எத்தனை போர்வை போர்த்தினும் அடிப்புறம் காக்கப்படுவதில்லை. மேலும், பிறந்த சில நாட்களே ஆன குழவி தூளியின் வளைவில் தலை கவிழ்ந்து மூச்சுத் திணறவும் கூடும். ஆதலின் அவ்விளம் பருவத்தில் தட்டையான படுக்கையில் மல்லாந்து படுக்க வைத்தலே தக்கது. தரையின்மேல் முதலில் கோணியும், அதன்மேல் பனையோலைப் பாயும், அதன்மேல் மடித்த பழந்துணியும் விரித்தால், சில்லிட்ட சிமிட்டித்தரை குழவியின் வெப்பத்தை உறிஞ்ச இயலாது. பஞ்சணையினும் கோணியும் பாயும் மட்டமானவை என்று நாணவேண்டுவதில்லை. அவற்றின் இழைகளுக்கிடையே அடங்கிய காற்றே காவல் செய்கின்றது.

காற்றினும் கொடியது ஈரம். ஒரு பிடி நீர் ஆவியாக மாறும்போது, தான் தங்கியிருந்த இடத்தினின்று பெரிதளவு வெப்பத்தைப் பறித்துக்கொண்டு போகும். வேனிற்காலத்தில் மட்பானை நீரைக் குளிரச் செய்வதும் இவ்வாறே. கருவறையின் நீரோடு பிறந்த குழவியை உடனே துடைக்காவிட்டால், முதற் பத்து இருபது நிமிடங்களிலேயே அதன் உடல் வெப்பம் 2 முதல் 4 பாகை வரை வீழ்ந்துவிடும். இயல்பான வெப்பமோ 36.5 முதல் 37.5 பாகை வரை என்பதால், இவ்வீழ்ச்சி எத்துணைப் பெரிது என்பது விளங்கும். பிறந்தவுடன் உலர்ந்த துணியால் தலை முதல் கால் வரை துடைத்து, அந்நனைந்த துணியை அகற்றி, வேறோர் உலர்ந்த துணியால் போர்த்தவேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவது இதனாலேயே. முதல் நீராட்டினைக் குறைந்தது 24 மணி நேரம் கழித்தே நிகழ்த்தல் வேண்டும் என்பதும் அவர்தம் அறிவுரை.

பழவேற்காட்டுத் தாயர்க்கு இவ்வகையில் ஒரு தனித்தொல்லை உண்டு. குழவியின் துணிகளை உவர்நீரில் அலசினால், அவை வெயிலில் உலர்ந்தது போலத் தோன்றினும் உண்மையில் உலர்வதில்லை. நீர் போய்விடும், உப்பு இழையிலேயே தங்கிவிடும். கடலுப்போடு கலந்திருக்கும் மெக்னீசியச் சேர்மங்கள் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்பின. மழைக்காலத்தில் உப்புச்சாடியில் உப்புக் கசிந்து நிற்பதை அடுக்களையில் யாவரும் கண்டிருப்பர். அதுபோலவே, உப்பேறிய துணி இரவுப் பனியை உறிஞ்சி, குழவியின் உடலை ஈரப்படுத்திக் குளிர்விக்கும், மென்தோலையும் அரிக்கும். ஆதலால் குழவியின் துணியை நன்னீரில் கடைசி முறை அலசுதல் இன்றியமையாதது. குடத்து நீருக்குத் தொலைவு நடக்கவேண்டிய குப்பங்களில் இது பெருஞ்சுமையே. எனினும் ஐப்பசி, கார்த்திகைகளில் கூரையினின்று வழியும் மழைநீரைத் துணி கட்டி அண்டாவில் பிடித்துவைத்தால் அலசுதற்கு அது போதும். அடைமழை நாளில் துணி உலராதபோது, சோறு வடித்த பின் சூடாக உள்ள பானையின் வெளிப்புறத்தில் துணியைச் சுற்றி உலர்த்திக்கொள்வதும் பயன்தரும். நனைந்த அணையாடையைக் கண்டவுடன் மாற்றுவது, புதிய கம்பளம் ஒன்று வாங்குவதினும் மேலான காவலாகும்.

குளிரென்றவுடன் மக்கள் மனம் தீயையே நாடும். பண்டைக்காலத்தில் அகன்ற வாயையுடைய ‘தடவு’ என்னும் கணப்புச் சட்டியில் நெருப்பிட்டு, சாளரங்களை இறுக அடைத்து, இளையோரும் முதியோரும் குளிர் காய்ந்தனர் என்பது நெடுநல்வாடையால் அறியப்படும் செய்தி. அது பாண்டியர் காலத்து மாடமாளிகை. அகன்ற அறைகளை உடையது. அவ்வழக்கத்தை இன்று ஒரு சிறு வீட்டில் பின்பற்றினால் உயிருக்கே இடர் நேரும். கரி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பிறக்கின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, புகைபோலக் கண்ணை உறுத்துவதும் இல்லை. உயிர்வளியைச் சுமந்து செல்லும் குருதிப்பொருளோடு, உயிர்வளியைக் காட்டிலும் இருநூறு மடங்கிற்கு மேல் விரும்பிப் பிணையும் தன்மையது அது. மூடிய அறையில் கணப்பு வைத்து உறங்கியோர் விழிக்காமலே மாண்ட செய்திகள் குளிர்நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் வருகின்றன. கரியினும் மெல்லிய தீங்கு விறகுப்புகையாலும் மண்ணெண்ணெய் விளக்காலும் விளையும். புகை சூழ்ந்த வீட்டில் வளரும் குழந்தைகளை நுரையீரல் அழற்சி எளிதிற் பற்றும். நீராட்டிய பின் குழவிக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கம் நெடுங்காலமாக நிலவுவது; ஆயினும் குழவியின் மூச்சுக்குழல் மிகச் சிறிது என்பதை எண்ணினால், அவ்வழக்கத்தை விடுவதே நலம். மணம் பெரியோர்க்கு இனிது. குழவிக்கு அதனால் ஆவதொன்றில்லை.

தீ இல்லாவிட்டால் வெம்மைக்கு வழி யாது? விடை, மிக அருகிலேயே உள்ளது. ஆனால் மருத்துவ உலகம் அதனைக் கண்டடைய நெடுந்தூரம் சுற்றி வந்தது. பிரான்சு நாட்டுத் தலைநகராகிய பாரிசில், தார்னியே என்னும் மகப்பேற்று மருத்துவர், 1880 ஆம் ஆண்டளவில், கோழிக்குஞ்சு பொரிக்கும் வெப்பப்பெட்டியைக் கண்டு, குறைமாதக் குழவிகளுக்கும் அத்தகைய பெட்டியை அமைக்கச் செய்தார். குஞ்சுக்கு உதவியது குழந்தைக்கும் உதவியது. 1958 இல் அமெரிக்க நாட்டில் சில்வர்மன் என்பவரும் அவர்தம் துணைவரும், பெட்டியின் வெப்பத்தை 28.9 பாகையினின்று 31.7 பாகைக்கு உயர்த்திய அளவிலேயே, பிழைத்த குழவிகளின் தொகை நூற்றுக்குப் பதினைந்து மிகுந்ததைக் காட்டினர். மூன்று பாகைக்கும் குறைவான வேறுபாடு பல உயிர்களை நிறுத்தியது!

பெட்டி எல்லா நாடுகளுக்கும் கிட்டுவதாக இல்லை. தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகராகிய பொகோட்டாவில், மருத்துவமனையொன்றில் ஒரே பெட்டியில் பல குழவிகளைக் கிடத்தவேண்டிய நெருக்கடி இருந்தது. 1978 இல் எட்கார் ரே என்னும் மருத்துவர், தாயின் மார்போடு குழவியை ஆடையின்றி அணைத்துக் கட்டிவைக்கும் முறையை அங்கே தொடங்கினார். கங்காரு தன் குட்டியை வயிற்றுப் பையில் வைத்துக் காப்பதுபோல் இருந்தமையால், இது கங்காரு முறை எனப் பெயர் பெற்றது. ஏழைகளுக்கான மாற்று என்று முதலில் கருதப்பட்ட இம்முறை, பின்னர் செல்வநாடுகளிலும் இடம்பெற்றது. இந்தியா, கானா, மலாவி, நைசீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடைபெற்று 2021 இல் வெளியான ஆய்வில், 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்கும் குறைந்த எடையோடு பிறந்த குழவிகளைப் பிறந்தது முதலே தாயின் மார்பில் வைத்துப் போற்றியபோது, 28 நாட்களுள் இறந்தோர் நூற்றுக்கு 12.0 ஆகவும், உடல்நிலை சீரான பின்னரே அம்முறையைத் தொடங்கியபோது 15.7 ஆகவும் இருந்தனர். இந்திய நாட்டின் சார்பில் அதிற் பங்கு கொண்டது புதுதில்லி சப்தர்ஜங் மருத்துவமனையாகும்.

முறை எளிது. குழவிக்குத் தலையில் குல்லாயும், காலில் உறையும், இடையில் அணையாடையும் மட்டுமே இருத்தல் வேண்டும். தாயின் இரு மார்புகளுக்கிடையே நெஞ்சோடு நெஞ்சு பொருந்த நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மூக்கும் வாயும் மறையாதவாறு பார்த்து, மெல்லிய பழம்புடவையால் இருவரையும் சேர்த்துக் கட்டி, மேலே போர்வை போர்த்துதல் வேண்டும். கால்கள் தவளையின் கால்கள்போல மடங்கி விரிந்திருக்கலாம். தாயின் உடல் வெறும் போர்வையன்று. குழவி குளிர்ந்தால் தாயின் மார்பின் வெப்பம் உயர்ந்து, குழவி வெதுவெதுப்படைந்தபின் தணியும் என்று ஆய்வோர் கண்டுள்ளனர். எந்தக் கணப்புச் சட்டிக்கும் இவ்வறிவு இல்லை. பாலும் அங்கேயே உள்ளது. இரவில் எழுந்து ஓடவேண்டுவதும் இல்லை.

ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடித்து, நனைந்த புடவையோடு வீடு திரும்பும் பெண்டிர் பழவேற்காட்டுப் பகுதியில் உண்டு. விடியுமுன் கூடை சுமந்து மீன் விற்கச் செல்வோரும் உண்டு. மகப்பேற்றுக்குப் பின் இத்தகைய உழைப்புக்கு விரைந்து திரும்பவேண்டிய வறுமை நேரின், தாய் முதலில் தன் உடலைத் துடைத்து, உலர்ந்த ஆடை உடுத்தி, தன் மேனி வெதுவெதுப்படைந்த பின்னரே குழவியை மார்பில் ஏந்துதல் வேண்டும். அவள் இல்லாத பொழுதில் அவ்விடத்தை ஆயா நிரப்பலாம், தந்தையும் நிரப்பலாம். ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் ஏற்பாடு இவ்வூர்களில் வழிவழி வந்தது. தன் முறை வாராத நாளில் வலையைச் சீர்செய்துகொண்டு வீட்டிலிருக்கும் தந்தை, மகவை ஓரிரு மணி நேரம் தன் நெஞ்சில் சேர்த்துக் கட்டிக்கொள்வதில் இழுக்கொன்றும் இல்லை. ஆண்மகன் மார்பிலும் வெப்பம் அதே அளவுதான். மது அருந்தியவரோ அயர்ந்து களைத்தவரோ குழவியோடு ஒரே படுக்கையில் உறங்குதல் மட்டும் கூடாது.

நீராட்டுதலை மாலையிலும் விடியலிலும் வைத்துக்கொள்ளாமல், வெயில் ஏறிய நண்பகலில் வைத்துக்கொள்ளலாம். காற்றுப்படாத மூலையில், துவாலையும் மாற்றாடையும் முன்னரே கைக்கெட்டும் தொலைவில் இருக்கவேண்டும். முழங்கையை நனைத்துப் பார்த்தால் நீரின் சூடு தெரியும். எடை குறைந்த குழவிக்கு நாள்தோறும் நீராட்டு வேண்டுவதில்லை. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்தினாற் போதும்.

குளிருக்கு அஞ்சிக் குழவியை மூட்டையாகக் கட்டுவோரும் உளர். பெரியவர் உடுத்தியிருப்பதைவிட ஒரு மடிப்பு மிகுதியாக இருந்தால் பெரும்பாலும் போதும். இடையையும் கால்களையும் நீட்டி இறுகச் சுற்றினால் இடுப்பு மூட்டு விலகுதல் கூடும். பிடரியில் விரலை வைத்துப் பார்க்கையில் வியர்வை கசிந்திருந்தால் போர்வை மிகுதி என்பது பொருள்.

வெப்பமானி இல்லாத வீட்டில் தாயின் கையே வெப்பமானி. புறங்கையால் குழவியின் வயிற்றையும் பாதத்தையும் மாறிமாறித் தொட்டுப் பார்த்தல் வேண்டும். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் குறையில்லை. வயிறு வெம்மையாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால், உடல் குளிரோடு போராடத் தொடங்கிவிட்டது. உடனே மார்போடு அணைத்துப் பாலூட்ட வேண்டும். வயிறும் பாதமும் ஒருங்கே குளிர்ந்திருந்தால் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். பால் குடிக்க மறுத்தல், அழுகுரல் மெலிதல், எழுப்பினும் விழிக்காமை ஆகியனவும் அத்தகைய அறிகுறிகளே. முகம் சிவந்திருப்பது கண்டு ஏமாறலாகாது. மிகக் குளிர்ந்த குழவியின் கன்னமும் கைகால்களும் சிற்சில வேளை செக்கச்சிவந்து, நலமுற்றது போலவே தோன்றும்.

108 என்னும் எண்ணில் அழைத்தால் வரும் அவசர ஊர்தி தமிழ்நாட்டில் 2008 ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. சாலையுள்ள குப்பங்களுக்கு அது வரும். நீர் சூழ்ந்த சிற்றூர்களினின்று முதலில் படகில்தான் வரவேண்டும். நோயினும் பயணமே குழவியைக் கொல்லும் இடம் இதுவாகும்; ஏரியின் நடுவே வாடைக்கு மறைவு ஏதும் இல்லை. குழவியைத் தனித் துணியிற் சுற்றி மடியில் கிடத்தாமல், தாயோ உறவினரோ மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, படகின் தாழ்ந்த பகுதியில், காற்றுவரும் திசைக்கு முதுகு காட்டி அமர்தல் வேண்டும். நீர்த்துளி தெறிக்காதவாறு படகுப்பாயையோ தார்ப்பாயையோ தோள்மேல் போர்த்துக்கொள்ளலாம். முகத்தை மட்டும் மூடலாகாது. வழியிலும் இயன்றபோதெல்லாம் பாலூட்ட வேண்டும். கரையேறி, ஊர்தியில் அமர்ந்து, மருத்துவமனையின் வெதுவெதுப்பான அறையை அடையும்வரை அக்கட்டினை அவிழ்த்தல் ஆகாது.